பொறுங்கக்கா, விலை குறையும்

என் வயதுப் பெண்கள் மாத்திரைகளின் பெயர்களை மனப்பாடமாகச் சொல்வார்கள். நான் கிராஃபிக்ஸ் கார்டுகளின் பெயர்களைச் சொல்வேன். ஜோகூர் மாநிலத்துக் குளுவாங்கில் ஒரு லாரி கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். ஐம்பதைத் தாண்டிவிட்டேன், கல்யாணம் ஆகவில்லை, வீட்டில் நான் மட்டும்தான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனில் கார்டு வீடியோ பார்த்துக்கொண்டிருப்பேன். பக்கத்து மேசைக்காரி எட்டிப் பார்த்து, "அலமாக், இது என்னாக்கா சாமான், காத்தாடியா?" என்று கேட்டாள். மூன்று விசிறிகளோடு செங்கல் கனத்தில் இருக்கும் ஒரு சாமானைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். கம்ப்யூட்டரில் படம் நன்றாகத் தெரிவதற்கான பொருள் என்றேன். டிவி வாங்கிவிட்டால் போகிறது என்றாள்.

இந்தப் பைத்தியம் தம்பியால் வந்தது. என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவன். அம்மா போன பிறகு அவனை வளர்த்தது நான்தான். அவனும் அதை மறுக்க மாட்டான். சொல்லிக்காட்டுகிறேன் என்று மட்டும் நினைப்பான். சிங்கப்பூரில் வேலை கிடைத்து, அங்கேயே குடும்பமாகி, ஒரு மகளும் பிறந்தாள். முதலில் வாராவாரம் வந்தான். பிறகு மாதம் ஒரு முறை. அதற்கப்புறம் சிங்கப்பூர்ப் பாலத்தில் ஜாம். ஜோகூர்க்காரியிடம் பாலத்தில் ஜாம் என்று சொன்னால் அவள் மேற்கொண்டு வாயைத் திறக்க முடியாது, ஏனென்றால் அது என்றைக்கும் உண்மை.

தொற்றுக் காலத்தில் எல்லையை மூடியபோதுதான் விளையாட ஆரம்பித்தோம். அவன் விட்டுப்போன கம்ப்யூட்டர் வீட்டில் இருந்தது. எதை எங்கே சொருகுவது என்று போனிலேயே சொல்லிக்கொடுத்தான். பனி விழும் ஒரு தீவு. மரம் வெட்ட வேண்டும், வீடு கட்ட வேண்டும், பொழுது சாய்வதற்குள் உள்ளே வந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஓநாய் அடித்துவிடும். ஞாயிறு மாலைகளில் இரண்டு பேரும் அங்கே இருந்தோம். அவன் விளக்கு எடுக்காமல் குகைக்குள் போவான், நான் கத்துவேன். அவன் பசியோடு திரிந்து வருவான், நான் மீன் சுட்டு வைத்திருப்பேன். நிஜ வீட்டில் செய்த வேலையைத்தான் அங்கேயும் செய்தேன், பனியில் நின்றுகொண்டு. எனக்கு அது போதுமாக இருந்தது. எல்லை திறந்த பிறகும் அவன் வரத்துதான் குறைந்ததே தவிர விளையாட்டு நிற்கவில்லை.

அந்த விளையாட்டின் இரண்டாம் பாகம் வந்தது. அதை ஓட்ட எந்தெந்தக் கார்டு வேண்டும் என்று போட்டிருந்தார்கள். என் கார்டு அதில் எங்குமே இல்லை. தம்பியைக் கூப்பிட்டு எதை வாங்கலாம் என்று கேட்டேன்.

"பொறுங்கக்கா. அடுத்த சீரிஸ் வரப் போவுது. வந்தோன்ன இப்ப உள்ளது விலை குறைஞ்சிரும். இப்ப வாங்குனா வேஸ்ட்லா."

"நீ அந்த கேம வாங்கிட்டியா?"

"இல்லக்கா, நானும் வெயிட் பண்றேன். சேந்தே ஆரம்பிப்போம்."

பழைய விளையாட்டு சலித்துவிட்டது, புதியதிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னான். சேர்ந்தே ஆரம்பிப்போம் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு நானும் காத்திருந்தேன்.

காத்திருப்பவளுக்கு ஊக்கம் கொடுக்க இணையத்தில் ஆளா இல்லை. கார்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு பேசும் பையன்கள் அத்தனை பேரும் பொறு என்றுதான் சொல்கிறார்கள். புதியது வரட்டும் என்பார்கள். வந்ததும், இது சரியில்லை, அடுத்தது வரட்டும் என்பார்கள். இவர்கள் பேச்சைக் கேட்டால் உலகத்தில் ஒருவரும் கார்டு வாங்க மாட்டார்கள். புதிய சீரிஸ் வந்தது. விலை குறையவில்லை, ஏறியது. தம்பியிடம் சொன்னேன். "அதான்கா, இப்ப நேரம் சரியில்ல. இன்னும் கொஞ்சம் பொறுங்க" என்றான்.

ஞாயிற்றுக்கிழமைகள் நீண்டுகொண்டே போயின. காலையில் தமிழ்ப் பூசைக்குப் போய் வருவேன். வரும் வழியில் கடையில் சோற்றைப் பொட்டலமாகத் தப்பாவ் கட்டிக்கொள்வேன். ஒரு ஆளுக்கு உலை வைக்க மனம் வராது. மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொள்ளும். திரைச்சீலைகளைத் துவைக்கலாம் என்று கழற்றுவேன், மழையைப் பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டுவேன். யாரோடும் ஒரு வார்த்தை பேசாமல் பொழுது முடிந்து, திங்கள் காலை ஆபீஸில் குட் மார்னிங் சொல்ல வாயைத் திறந்தால் தொண்டை கரகரக்கும். சளியா என்று கேட்பார்கள். ஆமாம் என்பேன்.

அப்படி ஒரு திங்கட்கிழமை மேசையில் உட்கார்ந்திருந்தபோது எனக்கே என்மேல் எரிச்சல் வந்தது. விலை குறைந்தால் என்ன, குறையாவிட்டால் என்ன? நான் காத்திருந்தது கார்டுக்காக இல்லை, தம்பிக்காக. போனஸும் வந்திருந்தது. அவனிடம் சொல்லாமல் வாங்கிவிட்டு, அவனை அசத்துவது என்று முடிவு செய்தேன். நான் வாங்கிவிட்டால் அவனும் வாங்கிவிடுவான். அவ்வளவுதான் என் கணக்கு.

தையல் டேப்பால் கம்ப்யூட்டர் பெட்டியின் உள்பக்கத்தை அளந்துகொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரச் சீனர் என்னைப் பார்த்ததும், மகனுக்கா என்று மலாயில் கேட்டார். எனக்குத்தான் என்றேன். பவர் சப்ளை எத்தனை வாட் என்று கேட்டார், என்னை மடக்குகிறாராம். சொன்னேன். அதற்கப்புறம் ஒழுங்காகப் பேசினார். கார்டை மாட்டிக்கொடுக்கட்டுமா என்றதற்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்து நானே மாட்டினேன். கிளிக் என்று உட்கார்ந்தபோது வந்த சந்தோஷத்தைச் சொல்ல ஆள் இல்லை. பரவாயில்லை, ஞாயிற்றுக்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை மதியம் புதிய விளையாட்டை வாங்கி ஏற்றினேன். பனி அத்தனை அழகாக இருந்தது. ஒவ்வொரு துகளும் தனித்தனியாக விழுந்தது. முதல் திரையிலேயே, தெரிந்தவர்கள் யாராவது உள்ளே இருந்தால் காட்டும் ஒரு பகுதி உண்டு. அதில் தம்பியின் பெயர் இருந்தது. பக்கத்தில் பச்சைப் புள்ளி. அவனுடைய தீவு, மூன்றாம் குளிர்காலம், உள்ளே நான்கு பேர்.

அந்த விளையாட்டில் ஒரு குளிர்காலத்தைத் தாண்டுவது சாதாரண வேலை இல்லை. வேலைக்குப் போகிறவர்களுக்கு மாதக்கணக்கில் ஆகும். மூன்றாம் குளிர்காலம் என்றால், அது வெளிவந்த முதல் வாரத்திலேயே அவன் வாங்கியிருக்கிறான். நானும் வெயிட் பண்றேன்கா என்று சொன்ன அன்றே அவன் அங்கே மரம் வெட்டிக்கொண்டிருந்திருக்கிறான்.

எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் முடியாது என்று சொன்னதில்லை. எனக்கு வந்த வரன்களுக்கு அப்பா சொன்ன பதிலெல்லாம் கொஞ்சம் பொறுக்கலாம் என்பதுதான். தம்பி படித்து முடிக்கட்டும், பொறுக்கலாம். வீட்டைக் கட்டி முடிக்கலாம், பொறுக்கலாம். பொறுக்கலாம் என்றால் வேண்டாம் என்று பொருள் என்பது எனக்கு முப்பத்தைந்து வயதுக்கு மேல்தான் உறைத்தது. அப்படி உறைத்த பிறகும், தம்பி அதே சொல்லைச் சொன்னபோது நான் கடை கடையாக விலை பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் கோபம்தான் வந்தது. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடலாம் என்று போனைக் கையில் எடுத்தேன். அதற்குக்கூட அவசியம் இல்லை. அவன் தீவில் சேர்வதற்கான பொத்தான் எனக்கும் திறந்துதான் இருந்தது. அழுத்தினால் என் பெயர் நான்கு பேர் திரையிலும் வரும். தம்பி பேச்சை நிறுத்துவான். "யாருடா?" என்று கூட்டாளிகள் கேட்பார்கள். "அக்கா" என்பான். அந்த "அக்கா" எந்தக் குரலில் வரும் என்று நினைத்துப் பார்த்தேன். நினைத்ததும் கை மவுஸை விட்டுவிட்டது.

அங்கே அவன் விளக்கில்லாமல் குகைக்குள் போவான், ஒருவரும் கத்த மாட்டார்கள். அவனுக்கு அப்படி ஓர் இடம் தேவைப்பட்டிருக்கிறது. புரிந்தது. புரிந்ததால் வலி குறைந்துவிடவில்லை. நாம் இருப்பது மற்றவர்களுக்குத் தெரியாமல் மறைத்துவைக்க அந்த விளையாட்டில் வசதி இருக்கிறது. அதை அழுத்திவிட்டு, மறைந்து உட்கார்ந்து, பனி விழுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் மத்தியானம் அவனே கூப்பிட்டான். புதுக் கார்டோடு கம்ப்யூட்டர் என் கால் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அவனுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

"தம்பி, இந்த வாரம் கார்ட வாங்கிரலாம்னு பாக்கறேன். நீயும் அந்த கேம வாங்கிரு. ரெண்டு பேரும் ஆரம்பிப்போம்."

வாங்கிருங்கக்கா என்று சொல்லிவிடு, மற்றதை நான் கேட்கவே மாட்டேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"இப்ப வேணாம்கா. வருசக் கடைசியில சேல் வரும். இன்னும் கொஞ்சம் பொறுங்க."

"சரிப்பா. எனக்கொண்ணும் அவசரம் இல்ல. பொறுத்தே வாங்கிக்கறேன்."

அவன் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. அதற்கப்புறம் அவனாகவே பேச ஆரம்பித்தான். மகளுக்கு முன்பல் விழுந்ததைச் சொன்னான், அதை அவள் தொலைத்துவிட்டு வீடு முழுக்கத் தேட வைத்ததைச் சொன்னான், மேலதிகாரி மாதிரிப் பேசிக் காட்டினான், அவனே சிரித்தான். நானும் சிரித்தேன். அவ்வளவு நேரம், அவ்வளவு லேசாக அவன் என்னிடம் பேசி எத்தனையோ மாதங்கள் ஆகியிருந்தன. நான் வரமாட்டேன் என்று உறுதியான பிறகுதான் என் தம்பியால் என்னோடு அப்படிப் பேச முடிந்தது.