சகலையின் கையும் என் மெரூன் கையும்

என் சகலைக்குக் கை வெள்ளை. மனைவியின் தங்கையைக் கட்டியவன். திருப்பூரில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியின் ஏசி அறையில் உட்கார்ந்து வெளிநாட்டுக்காரர்களுக்கு மெயில் அனுப்புவது அவன் வேலை. எனக்கு இன்னொரு கம்பெனி. சாயப்பட்டறையிலிருந்து வரும் பனியன் துணியில் சாயம் போகிறதா என்று வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்து, போனால் திருப்பி அனுப்பும் ஆள். பாதி நாள் பைக்கில்தான் போகும்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் ஒரு சித்திரை. சாயப்பட்டறை வாசலில் அரைக்கைச் சட்டையோடு மத்தியானம் முழுக்கக் காத்து நின்றேன். சாயங்காலம் இரண்டு கையும் சிவந்து, காற்றுப் பட்டாலே எரிந்தது. மனைவி பழைய பனியனைத் தண்ணீரில் நனைத்துப் போட்டுவிட்டாள். எரிச்சல் கொஞ்சம் அடங்கியதும் சோத்துக்கத்தாழையைக் கீறி, உள்ளே இருந்த சோற்றைக் கழுவித் தடவினாள். ராஜா மாதிரி கையை நீட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்துச் சகலை வந்தான். பையிலிருந்து ஒரு கிரீம் டியூபை எடுத்தான்.

"அண்ணா, வெளிய கிளம்பறதுக்கு முன்னால இதப் பூசிக்குங்க. நான் ஆபீஸ் போறதுக்கே பூசறனுங்க."

"அதான பார்த்தேன்!" என்றாள் மனைவி. "அவிய கையைப் பாருங்க, பன்னாட்டம் இருக்குது."

பன்! கல்யாணமான நாளிலிருந்து என் கையை அவள் எந்தப் பலகாரத்தோடும் ஒப்பிட்டதில்லை. அவள் வாயால் ஒரு பலகாரப் பெயராவது வாங்காமல் விடுவதில்லை என்று அப்போதே முடிவு செய்தேன். ஆனால் சகலையின் கிரீமால் அல்ல. டியூப் காலண்டருக்குப் பின்னால் போய்விட்டது.

கை ஆறியதும், ஸ்கூட்டியில் போகும் பெண்கள் மாட்டும் கை உறை மாதிரி எனக்கு நானே ஒன்று செய்துகொண்டேன். கம்பெனி மூலையில் குழாய் மாதிரி பின்னிய மெரூன் துணி கிடந்தது. இரண்டு துண்டு வெட்டிக் கையில் ஏற்றினேன். தையல்கூட வேண்டாம். சகலை, உன் டியூப் எதற்கடா!

மத்தியானம் வியர்த்துக் கொட்ட வீட்டுக்கு வந்து உறையைக் கழற்றினேன். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கருஞ்சிவப்பு. உயிரே போய்விட்டது.

"ஏம்புள்ள! கை வெந்து போச்சு! தோல் அழுகுது! ஆட்டோவக் கூப்புடு!"

நல்லூரில் எங்கள் வீதியில் ஓடிக்கொண்டிருந்த தறிச் சத்தத்தையும் மீறிக் கத்தியிருக்கிறேன்.

"எரியுதுங்களா?"

அப்போதுதான் யோசித்தேன். எரியவில்லை. அவள் ஈரத்துணியால் ஒரு தேய் தேய்த்துக் காட்டினாள். துணி மெரூன்.

"சாயமுங்க. சாயம் போவுதான்னு பாக்கறவிய நீங்கதானுங்களே?"

நானேதான். அந்தத் துணியைச் சாயம் நிற்கவில்லை என்று ஒதுக்கி மூலையில் போட்டதும் நானேதான்.

அவள் சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்தாள். "ஜாம் பன்னாட்டம் இருக்குதுங்க!"

எப்படியோ பெயர் வாங்கிவிட்டேன். சகலை வெறும் பன். எனக்கு ஜாம் வேறு.

அந்த வாரமே வெள்ளைத் துணியைத் துவைத்துக் காயவைத்து எனக்குக் கை உறை தைத்தாள். "அவியளுக்கும் ஒரு ஜோடி, ஞாயித்துக்கிழமை குடுத்துருங்க" என்று சகலைக்காக இன்னொரு ஜோடியையும் நீட்டினாள்.

அந்தக் கோடை முழுக்க இரண்டு ஜோடியையும் ஒன்றின்மேல் ஒன்றாக நானே மாட்டிக்கொண்டு திரிந்தேன்.