இரண்டு ராஜா காலத்துக் காசு

நீங்கள் நம்பினாலும் சரி, சிரித்தாலும் சரி. பதினெட்டு வருஷமாகத் தூத்துக்குடிக் கடலில் சங்கு குளிக்கிறேன், அடியிலிருந்து பிணம்கூடத் தூக்கி வந்திருக்கிறேன், யாராவது பேய்க்கதை ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான்.

போன வருஷம் ஒரு நாள் சங்கோடு வெள்ளிக் காசு ஒன்று கையில் வந்தது. ஒரு பக்கம் கிரீடம், மறுபக்கம் தேய்ந்த எழுத்து. படகில் இருந்து என் காற்றுக்குழாயைப் பார்த்துக்கொள்பவன் சூசை, தங்கை மாப்பிள்ளை. அவன் அதைப் படம் எடுத்து, பழங்காசு சேர்க்கிற நாசரேத்து ஊர் டாக்டர் ஒருவருக்கு அனுப்பினான். அவர் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினார்: "அப்ப நம்ம கரையில இருந்தவங்க போர்த்துகல்காரங்க. அவங்க ராஜா வாரிசு இல்லாம செத்து, பட்டத்துக்கு ரெண்டு பேரு அடிச்சுக்கிட்ட சமயத்துக் காசு மாதிரி தெரியுது. நீ எந்த ராஜா ஆளுன்னு கேட்டா, தப்பாச் சொன்னவன் தலை போயிருக்கும். இன்னும் கிடைச்சா கொண்டாங்க, நல்ல விலை தாரேன்."

தங்கைக்கு அப்போது ஏழாம் மாசம். ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஆகுமே என்று மறுநாள் காலையில் அதே இடத்துக்குப் போனோம். வெயில் அடிமணல் வரை இறங்கியிருந்தது. குனிந்து துழாவுகிறேன், தோளில் ஒரு கை. ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரிகிறது. காதோரம், அந்தத் தண்ணீருக்குள், நம்ம ஊர்ப் பேச்சிலேயே ஒரு குரல்:

"ஏலே, ஒன் ராஜா யாரு?"

வாயில் குழாய், நான் எங்கே பேசுவது? இல்லை இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன். பிடி விட்டது. எப்படி மேலே வந்தேன் என்று தெரியாது.

படகில் ஏறி நான் வாய் திறப்பதற்குள், படகை விட்டு இறங்காத சூசை கேட்டான்.

"மச்சான், ஒங்ககிட்டயும் கேட்டானா?"

"நீ என்னல சொன்ன?"

"என்னமோ ஒரு பேரு, தானா வாயில வந்துட்டு."

அந்தப் பேரை என்னிடம் மெல்லச் சொன்னான். இங்கே எழுத எனக்கு மனசில்லை. பையில் கொண்டுபோயிருந்த காசை அங்கேயே எறிந்துவிட்டுத் திரும்பினோம். அதன் பிறகு சூசை கடலுக்கு வரவில்லை. துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறான், ஓரிடத்தில் நிலையாக உட்கார மாட்டான்.

ஆண் குழந்தை பிறந்தது. ஜெரோம் என்று வைக்க முடிவு செய்திருந்தோம். ஞானஸ்நானத்தில் சாமியார், "குழந்தைக்கு என்ன பேரு?" என்று கேட்டதும் சூசை அந்தக் கடல் பேரைச் சொன்னான். ஞானத்தகப்பனாகப் பக்கத்தில் நின்ற நான் திருத்துவதற்குள் சாமியார் அந்தப் பேரிலேயே தண்ணீர் ஊற்றிவிட்டார். சூசையோ ஜெரோம் என்றுதான் சொன்னேன் என்று இன்றுவரை சத்தியம் பண்ணுகிறான்.

பிள்ளைக்குப் பத்து மாசம் ஆகிறது. வீட்டில் ஜெரோம் என்றுதான் கூப்பிடுகிறோம், திரும்ப மாட்டான். போன வாரம் தங்கை விளையாட்டாக அந்தக் கடல் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். உடனே திரும்பினான், அவள் பக்கம் இல்லை. ஆளே இல்லாத வாசலைப் பார்த்து, தூக்கச் சொல்லி இரண்டு கையையும் நீட்டினான்.