ஃபில்டருக்குள் கிளிஞ்சல்

தொட்டிக்காரி என்றால் அந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். கண்ணாடித் தொட்டிக்குள் செடி வளர்த்து மீன் விடுவதும், வாராவாரம் போய்ப் பார்த்துக்கொள்வதும்தான் அவள் பிழைப்பு. மீனைப் பற்றி யாராவது விசாரித்தால், "மீன் கெடக்கட்டும், தண்ணியக் கேளுங்க" என்பாள். குழாய்த் தண்ணீரின் கடினத்தன்மை அவள் வைக்கும் மெல்லிய செடிகளுக்கு ஆகாது. அதனால் சுத்திகரித்த தண்ணீரைக் கேனில் கொண்டுபோய்க் கலப்பாள். கேன் சுமப்பதும் ஃபில்டர் கழுவுவதும் தம்பி. அவனுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான்.

பல் ஆஸ்பத்திரி வரவேற்பறைத் தொட்டியில்தான் வினை வந்தது. செடிகளின் குருத்து வெளுத்துக் கருகியது. தண்ணீரைச் சோதனைக் குழாயில் பிடித்து மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால், நிறம் மாற எத்தனை சொட்டு ஆகிறதோ அவ்வளவு கடினம். சொட்டு ஏறிக்கொண்டே போனது. சுண்ணாம்புக் கல் கலந்திருந்தால் நுரைக்குமே என்று உள்ளிருந்த கற்களை எடுத்து வினிகர் ஊற்றிப் பார்த்தாள், ஒன்றும் நுரைக்கவில்லை. கேன் தண்ணீரைக் கூட்டினாள். அடுத்த வாரமும் ஏறித்தான் இருந்தது.

டாக்டரம்மா பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். "இந்த வாரமும் சரியாகலைன்னா உங்க தம்பிகிட்டயே விட்டுடறேம்மா. தனியா எடுத்துப் பண்றேன்னு அவரும் ரொம்ப நாளா கேக்கறாரு."

அவளிடம் அவன் அப்படி எதுவும் சொன்னதில்லை.

நேராகப் போய் ஃபில்டரைத் திறந்தாள். தம்பி பார்த்துக்கொள்கிறான் என்று அவள் கையே வைக்காத இடம். பஞ்சுக்கு அடியில் ஒரு துணிப்பை, அதற்குள் நொறுக்கிய கிளிஞ்சல். மென்மையான தண்ணீரில்தான் கிளிஞ்சல் வேகமாகக் கரையும். அவள் ஊற்ற ஊற்ற அது கரைந்து தண்ணீரைக் கடினமாக்கியிருக்கிறது. பையின் நீலக் கட்டத் துணி அவளுடைய பழைய தலையணை உறை. வீட்டில் தான் வளர்க்கும் நத்தைகளுக்கு ஓடு மெலிகிறதென்று அவன் வருத்தப்பட்டபோது, கிளிஞ்சல் போட்டுத் தண்ணீரில் வைக்க அவளே தைத்துக்கொடுத்த பை.

கேனோடு உள்ளே வந்த தம்பி, அவள் கையைப் பார்த்ததும் கேனை இறக்கி வைத்தான்.

"எத்தனை காலம்கா உன் பின்னாடியே கேன் தூக்கறது?"

"கேட்டிருந்தா இந்தத் தொட்டிய உனக்கே குடுத்திருப்பேனேடா."

"கேட்டு வாங்கினா அப்பவும் அது உன் தொட்டிதானே."

அவள் பையைப் பிழிந்து அவன் சட்டைப் பாக்கெட்டில் வைத்தாள். "நத்தைக்குப் போடு. அதுங்களுக்குத்தான் தெச்சேன்."

டாக்டரம்மாவிடம் இனிச் சரியாகிவிடும் என்று மட்டும் சொன்னாள். சரியாகவும் ஆனது. இப்போது கேனை அவளே சுமக்கிறாள். ஆனால் தானே பிடித்து வந்த தண்ணீரைக்கூட, சொட்டு விட்டுப் பார்க்காமல் அவள் தொட்டியில் ஊற்றுவதில்லை.