சட்டைப் பைக்குள் போன கேமரா

சட்டைப் பையில் அடங்கும் கேமரா வாங்கப் பதுளைக் கடையொன்றுக்குப் போனேன். ஒவ்வொன்றையும் பையில் போட்டுப் பார்த்தேன். அடுத்ததன் விலையைப் பேசும்போது முதலாளி, "அண்ணே, ஒண்ணு கொறையுதே" என்றார்.

ஊரையே கேலி பண்ணுகிறவன்தான் நான். ஆனால் என் வீரம் அந்தக் கேமராவைவிடச் சிறியது. பழி என்மேல் விழுமோ என்று பயந்து, அடையாள அட்டைக்குப் படமெடுக்க நின்ற தேயிலைத் தோட்டத்து அக்காவைக் காட்டி, "அவங்க பேக்கப் பாருங்க" என்றேன்.

அக்கா தன் கைப்பையைக் கவிழ்த்தார். பாண் ரொட்டி, இருமல் மருந்து, பிள்ளையின் கால் சப்பாத்து. பொறுக்கிக்கொடுக்கக் குனிந்தேன். என் சட்டைப் பையிலிருந்து கேமரா விழுந்தது.

"மன்னிச்சிருங்கக்கா."

"பரவாயில்லங்க. எங்க போனாலும் தோட்டத்து ஆளுங்க பேக்கத்தான் மொதல்ல பாப்பாங்க."

சட்டைப் பையில் கிடப்பது தெரியும்படி கனமான கேமராவாக வாங்கினேன். இப்போதெல்லாம் எது காணாமல் போனாலும், யாரும் கேட்குமுன் எல்லோர் முன்னாலும் என் பைகளையே முதலில் காலி செய்கிறேன்.