வலது தோளில் மட்டும் சேறு

இது நடந்த கதை. தலையில் அடித்துச் சத்தியம் செய்வேன். அங்கங்கே கொஞ்சம் ஊதிப் பெருக்குவேன். அது என் பிறவிக் குணம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கால்பந்து அணிக்குச் சட்டை துவைப்பவன் நான். எங்கள் கோல்கீப்பரை 'மதில்' என்றுதான் கூப்பிடுவோம். அவர் நின்றால் பந்து என்ன, கொசுகூட உள்ளே போகாது. முப்பத்தொரு வயதில், பல் தேய்த்துக்கொண்டிருந்தவருக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. மறுபடி ஆட முடியுமா என்று கேட்டதற்கு, சிலர் திரும்பியிருக்கிறார்கள், இப்போதே சொல்ல முடியாது என்றாராம் பெரிய டாக்டர். அந்தச் 'சிலரை'ப் பிடித்துக்கொண்டு மனிதர் ஏழு மாதம் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நடந்தார். தரை அரை அடி பள்ளமானதை நானே பார்த்தேன்.

கை வந்தது, கால் வந்தது, மைதானத்துக்கும் வந்தார். இருபது பந்தில் பதினெட்டைப் பிடித்தார். எல்லோரும் குதித்தார்கள். எனக்கு மட்டும் இருப்புக்கொள்ளவில்லை. சாயங்காலம் ஊறவைக்க எடுத்த அவர் சட்டையில் வலது தோளிலும் வலது விலாவிலும்தான் சேறு. ஒரு வாரமும் அப்படியே. இடப்பக்கம் இஸ்திரி மடிப்புகூடக் கலையவில்லை. பாசக்காரப் பயல்கள் ஒரு பந்தைக்கூட அந்தப் பக்கம் அடிக்கவில்லை.

நேற்று நானே ஒரு பந்தை இடப்பக்கம் உருட்டினேன். ஆமை முந்திப் போகும் வேகம். அது வலையைத் தொட்ட பிறகும் அவர் என்னையே பார்த்துக்கொண்டு, "போடுப்பா, ஏன் நிக்கிற?" என்றார். இடப்பக்கம் ஒரு பந்து போனதே அவர் கண்ணுக்குத் தெரியவில்லை.

இன்று அவர் கிளப் டாக்டர் அறைக்குள் இருந்தார். இருபதுக்குப் பதினெட்டு என்று எழுதிய தாளும் உள்ளே போயிருந்தது. சனிக்கிழமை ஆடலாமா கூடாதா என்று டாக்டர் சொல்ல வேண்டும். வெளியே பெஞ்சில் ஆட்டக்காரர்களும் அவர் மனைவியும் நெளிந்துகொண்டிருந்தார்கள். வாய் சும்மா இராமல் இதையெல்லாம் அவர்களிடம் சொல்லிவிட்டேன்.

அவர் மனசு உடையக் கூடாதென்றுதான் அப்படி அடித்தோம் என்று முனகினான் கேப்டன்.

"மனசா? சனிக்கிழமை எதிராளி அடிக்கிற பந்து இடது கன்னத்துல விழுந்தா யாருப்பா பதில் சொல்றது?" என்று சீறினார் அவர் மனைவி.

"அண்ணி, அவரு சிரிச்சுப் பாக்கணும்னு நீங்கதான சொன்னீங்க."

"சிரிக்க வைங்கன்னேன். ஏமாத்தச் சொன்னேனா?"

இப்போதே டாக்டரிடம் சொல்கிறேன் என்று பின்வரிசை ஆட்டக்காரன் ஒருவன் எழுந்தான். கேப்டன் அவன் காலரைப் பிடித்து இழுத்தான். இன்னொருவன் கேப்டனைப் பிடித்தான். அண்ணி மூவரையும் கைப்பையால் சாத்தினார். பெஞ்ச் கவிழ்ந்தது. டாக்டர் அறைக் கதவு மட்டும் இன்னும் திறக்கவில்லை.