யானைமுடி மோதிரம்

முத்தியால்பேட்டை பஞ்சநாதன் சுற்றுலா வேன் ஓட்டினார். முதுமலை, டாப்சிலிப், பரம்பிக்குளம் என்று பல வருஷமாகப் புதுச்சேரிக் குடும்பங்களைக் காட்டுக்குக் கூட்டிப்போனவர், ஒரு புலியைக்கூடப் பார்த்ததில்லை. உள்ளே வனத்துறை வண்டிதான் போகும். டிரைவர்கள் வெளியே ஈ ஓட்டிக்கொண்டிருப்பார்கள். மானையும் மயிலையும் மட்டும் பார்த்துத் திரும்புகிறவர்கள் அவரிடம்தான் எரிந்து விழுவார்கள்.

"என்னப்பா டிரைவர், புலிகிட்ட முன்னாடியே சொல்லி வெக்கலியா?"

"சொன்னேன் சார். இன்னிக்கு லீவு போட்டுடுச்சாம்."

புலி கிடைக்காதவர்கள் யானைமுடி மோதிரம் வாங்குவார்கள். பயம் போகும், கண் படாது, வலிப்பு நிற்கும் என்று சாலையோரத்தில் விற்பவன் அடுக்குவான். பேங்க் அதிகாரியும் வாங்குவார், காலேஜ் வாத்தியாரும் வாங்குவார். படிப்பு விரல்வரைக்கும் வந்து சேர்வதில்லை. பஞ்சநாதன் ஒருமுறை அதைத் தீக்குச்சியில் காட்டினார். உருகிச் சொட்டியது. வெறும் பிளாஸ்டிக். சிரித்துக்கொண்டார், தெருக்காரர்கள் கேட்டபோது அதையே வாங்கிவந்தும் கொடுத்தார்.

மகள் அன்புசெல்வி ஏழாவது படிக்கும்போது அவளுக்கு வலிப்பு வந்தது. டாக்டர் மாத்திரை எழுதி, ஒருநாள்கூட விடக்கூடாது என்றார். வலிப்பு நின்றது, ஆனால் பெண் வகுப்பில் தூங்கி வழிந்தாள். பள்ளிக்கூடத்தில் அவளைத் தனி பெஞ்சில் உட்காரவைத்தார்கள். மற்ற பிள்ளைகள் பயப்படுகிறார்களாம். ஒரு சிறுமியைத் தொற்றுநோய் மாதிரி ஒதுக்கியவர்கள் மீது வரவேண்டிய கோபம் பஞ்சநாதனுக்கு மாத்திரை மீது வந்தது.

2008 ஜூலையில் முதுமலை போனபோது, கூடலூர் பக்கம் மரம் இழுக்கும் தனியார் யானை ஒன்றின் பாகனிடம் கெஞ்சினார். அவர் கண்ணெதிரிலேயே வாலிலிருந்து பாகன் ஒரு முடியைப் பிடுங்கினான். நுனியைத் தீயில் காட்டினார். கருகி நாறியது. அசல்.

நெல்லித்தோப்பு ஆசாரியிடம் கொடுத்து வெள்ளியில் பதித்து மகள் விரலில் போட்டார்.

"இனிமே மாத்திரை வேணாம்."

"டாக்டரு என்னா சொன்னாரு, மறந்துட்டீங்களா?" என்றாள் மனைவி பார்வதி.

"ஊருக்கு வாங்கியாந்ததெல்லாம் டூப்பு. இது என் கண்ணால பாத்தது."

"யானைக்கு வாலு வலிச்சிருக்கும். வேற ஒண்ணும் நடந்திருக்காது."

அன்புசெல்வி சிரித்தாள். "அம்மா, அந்தக் கசப்ப நீயே போட்டுக்க."

முடி யானையுடையதா என்று நெருப்பு வைத்துச் சோதித்த மனுஷன், அது வலிப்பை நிறுத்துமா என்பதைச் சோதிக்காமலே நம்பினார். மூன்று வாரம் ஒன்றும் வரவில்லை. பெண் தெளிவாக இருந்தாள். வகுப்பில் கை தூக்கிப் பதில் சொன்னாள். பார்வதியும் வாயை மூடிக்கொண்டாள்.

நான்காவது வாரம் அவர் மறுபடியும் முதுமலையில் இருந்தார். காட்டுக்குள் போன வண்டி திரும்பியதும் அவருடைய பயணிகள் கத்திக்கொண்டே இறங்கினார்கள். புலி! வண்டிக்கு முன்னால் பாதையைத் தாண்டிப் போனதாம். ஆளாளுக்கு அவர் தோளைத் தட்டினார்கள். அப்போது செல்போன் அடித்தது. பக்கத்து வீட்டுக் கண்ணகி பேசினாள். அன்புசெல்விக்கு விடாமல் வலிப்பு வந்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், ஆட்டோவிலேயே உயிர் போய்விட்டது.

வேறு டிரைவர் கிடைக்கவில்லை. அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு அவரே ஓட்டி வந்தார்.

அடக்கம் முடிந்ததும் கண்ணகி ஆறுதல் சொன்னாள். "அது போலி முடியா இருந்திருக்கும்ணே. பாவிங்க ஏமாத்திட்டானுவ."

தெரு முழுக்க அதைத்தான் பேசியது. தலையை ஆட்டியிருந்தால் பழி பாகனோடு போயிருக்கும்.

"அசல்தாம்மா," என்றார். "மாத்திரைய நாந்தான் நிறுத்தினேன்."

பார்வதி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஒருவரும் அவர் சொன்னதை நம்பவில்லை. அடுத்த மாதம் வேன் கிளம்பும்போது எதிர்வீட்டுப் பெரியவர் அம்மாவாசை ஓடிவந்து ஜன்னலைப் பிடித்தார்.

"பஞ்சநாதா, என் பேரனுக்கும் வலிப்பு வருது, மோதிரம் ஒண்ணு வேணும்பா. இந்தத் தடவ நல்ல பாகனாப் பாத்து வாங்கியா."

பஞ்சநாதன் இஞ்சினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினார்.

"புள்ள எங்க? மாத்திரை போடுதா, இல்லியா?"