வினாடி வினாவில் வாய் திறந்த போலீஸ்காரி

நாற்பது வயதில் டிராகன் கதை படிக்கிறேன் என்று தெரிந்தால் ஸ்டேஷனில் சிரிப்பார்களே என்று பயந்து, அந்த ஏழு பாகத் தொடரை ரகசியமாகவே திரும்பத் திரும்பப் படித்துவந்தேன்.

சாரல் சீசனில் ஒருநாள், குற்றாலம் லாட்ஜ் ஒன்றில் ஒரே சத்தம் என்று புகார் வர, நானும் ஏட்டையாவும் போனோம். அந்தத் தொடரின் ரசிகர்கள் கூடி வினாடி வினா நடத்திக்கொண்டிருந்தார்கள்.

"டிராகனுக்கு ராணி முதல்ல வச்ச பேரு என்ன?" என்று ஒரு பெண் கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. வந்த வேலையை மறந்து, யூனிஃபார்மோடு நின்றபடியே சொல்லிவிட்டேன். ஹாலே எழுந்து கைதட்டியது.

தயங்கித் திரும்பினேன். ஏட்டையாவும் கைதட்டிக்கொண்டிருந்தார்.

"அஞ்சாம் பாகத்துலல்லா வருது. எனக்கே மறந்துட்டும்மா" என்றார்.

மூன்று வருஷம் ஒரே ஜீப்பில் போயும், அவரைக் கேட்காமலே அவர் சிரிப்பார் என்று நானாக முடிவுகட்டியிருந்தேன்.